வாசலில் நின்ற வெள்ளை வண்டி

அண்ணா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதம். அப்பா சொல்வது எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதுவேன். ‘இதை எழுதாதே’ என்றாலும் எழுதுவேன், ‘அடித்துவிடு’ என்றாலும் அடிக்கமாட்டேன். அதற்குச் சம்மதித்தால்தான் பேனாவைத் திறப்பேன் என்று சொன்னேன். அப்பா கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு, “செரி, எழுது மக்களே” என்றார். அப்பாவின் பேச்சை எழுத்துத் தமிழில் மாற்றியிருக்கிறேன், ஆனால் விஷயத்தை மாற்றவில்லை. யார் யாரிடம் பேசினார்களோ அதை மட்டும் பேசியபடியே போட்டிருக்கிறேன். இனி வரும் ‘நான்’ எல்லாம் அப்பா. எனக்குப் பேச வேண்டி வந்தால் ஜெனி என்று பெயரைச் சொல்லிவிட்டுப் பேசுவேன்.

மகனே, உன் கல்யாண ஆல்பம் நேற்று வந்து சேர்ந்தது. “என்னண்ணே, கல்லு கில்லு வரவழைச்சிருக்கியளா, இந்தக் கனம் கனக்குது” என்று கேட்டுக்கொண்டே தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனார். நம் வீட்டு பைபிளைவிடக் கனம்தான். ஜெனி மேசையில் சலவைத் துவர்த்துத் துண்டை விரித்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். மலைச்சரிவு முழுவதும் புல். வெள்ளை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் முதுகில் ஈரம் மின்னும் குதிரைகள். பட்டு வேட்டியில் நீ, அரக்குச் சேலையில் கீர்த்தனா. உங்கள் இரண்டு பேருக்கும் வலது பக்கத்தில் ஒரு நாற்காலி. அது எனக்குப் போட்டது. மூன்று படங்களில் அது காலியாக இருக்கிறது. நாலாவது படத்தில் யாரோ அதில் கைப்பையை வைத்திருக்கிறார்கள். உன்னிடம் போனில் சொல்லத் தெரியாததை அந்த நாற்காலியைப் பார்த்த பிறகுதான் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். “உங்களுக்கு வேணும்னா கிறிஸ்துமஸுக்கு வாறோம்ப்பா” என்றாய். “உனக்க இஷ்டம்” என்றேன். உன் பக்கம் மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது. “செரிப்பா, வைக்கிறேன்” என்று வைத்துவிட்டாய். ஜெனி அன்று அரைநாள் என்னோடு பேசவில்லை. கல்யாணம் முடிந்து இரண்டரை மாதமாகிறது. நீயும் அவளும் இன்னும் இந்த வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை. அதற்குக் காரணம் நான் என்று எனக்குத் தெரியும். கரையில் எல்லாரும் வேறு மாதிரி பேசுகிறார்கள். மாப்பிள்ளைக்க அப்பனுக்குப் பெண் பிடிக்கவில்லை, அதனால்தான் தாலி கட்டும்போது ஆள் இல்லை என்கிறார்கள். நீயும் அப்படித்தான் நினைக்கிறாய் என்பதை நீ பேசாமல் இருக்கும் விதத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

கீர்த்தனாவைப் பற்றி நீ என்னிடம் சொல்லவில்லை. அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பாய். அவள் போன பிறகு நீ ஜெனியிடம் சொன்னாய், ஜெனி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என்னிடம் சொன்னாள். மலைமேல் மாடும் குதிரையும் வளர்க்கும் ஒரு பண்ணையில் சோலார் மாட்டப் போனாயாம். பத்து நாள் வேலை. ஒரு நாள் மத்தியானம் மழையும் மூடுபனியுமாக இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வேலையாட்கள் சந்தைக்குப் போயிருக்கிறார்கள். கொட்டகையில் ஒரு பசு கன்று ஈன முடியாமல் கிடக்க, பண்ணையின் மாட்டு டாக்டரான கீர்த்தனா தனியாகத் தோள்வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு, கன்றின் காலில் கட்டிய கயிறு வழுக்கி வழுக்கி வர, கூரையில் இருந்த உன்னைப் பார்த்து, “ஏனுங்க, மேல இருக்கிறவரே! கயிறு கட்டத் தெரியுங்களா?” என்று கத்தினாளாம். நீ இறங்கி வந்து, வழுக்காத முடிச்சாக ஒன்று போட்டு இழுத்துப் பிடித்தாய். கன்று வந்து விழுந்தது. நீயும் பக்கத்திலேயே விழுந்தாயாம். அந்தக் கன்றுக்கு அவள் உன் பெயரை வைத்தாள். பெண் கன்று, கிடேரி என்று தெரிந்த பிறகும் மாற்றவில்லை. அதற்கப்புறம் வயரில் கோளாறு, பேட்டரியில் கோளாறு என்று நீ மாதம் ஒரு தடவை மலை ஏறினாய். “நல்லா ஓடுற சோலாரை ஏழு வாட்டி ரிப்பேர் பாத்த ஒரே ஆளு” என்று அவள் ஜெனியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இதையெல்லாம் கேட்டு நானும் சிரித்தேன் மகனே. ஆனால் உன்னைக் கூப்பிட்டு, ‘கேள்விப்பட்டேன், சந்தோஷம்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உனக்குப் போன் செய்தால் காற்று எப்படி, மழை எப்படி என்று கேட்பேன், அதற்குமேல் எனக்கு வராது. மற்றதெல்லாம் உன் அம்மாவின் வேலையாக இருந்தது.

நம் கோயிலில் மூன்று ஞாயிறு உங்கள் ஓலை வாசிக்க வேண்டும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று ஃபாதர் சொல்ல வேண்டும், பெஞ்சில் உட்கார்ந்து அதை நான் கேட்க வேண்டும் என்று ஆசை இருந்தது. அவர்கள் வீட்டுக்குத் தங்கள் சாமி கோவிலில் வைக்க ஆசை. நீ, “ரெண்டும் வேண்டாம்ப்பா, நாங்க பாத்துக்கிட்ட இடத்துல, அந்தப் பண்ணையிலயே வைக்கோம்” என்றாய். “செரி மக்கா” என்றேன். நான் வாழ்நாளில் சொன்ன செரிகளில் பாதி செரியில்லை. அதை உன் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். உனக்கு அது தெரியாது, நான் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. நீ உன் மனைவியிடம் அப்படி இருக்காதே. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லி ஒரு சண்டை போடு. செரி என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போகிற ஆளோடு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று உன் அம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

சாப்பாட்டைப் பற்றியும் நீ முன்னாலேயே சொன்னாய். அவர்கள் சைவம், மீன் வாசமே ஆகாது, மூன்று வேளையும் சைவம்தான் என்றாய். அதற்கும் செரி என்றேன். ஆனால் நம் வீட்டில் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையின் அப்பன் தன் வள்ளத்தில் பட்ட மீனைத் தன் கையால் வெட்டிக் கொடுக்க வேண்டும், அதில்தான் அன்றைக்குக் கறி. என் கல்யாணத்துக்கு என் அப்பா அப்படிச் செய்தார். ஓலை போயிற்று, கோயில் போயிற்று, இது ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். நம் ஆட்கள் பத்துப் பேர் வருகிறோமே, அவ்வளவு பெரிய பண்ணையில் ஒரு மூலையில் அடுப்புக் கூட்ட இடமிருக்காதா என்று நினைத்தேன். கிளம்புவதற்கு முந்தின இரவே இரண்டு நெய்மீன் வலையில் பட்டது. கடல் தந்துவிட்டது, இனி யார் வேண்டாம் என்பார்கள் என்று எனக்கு ஒரே நெஞ்சு நிமிர்வு. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, மற்றவர்களை வேனில் அனுப்பிவிட்டு, நானும் ஜெனியும் டிரைவர் ராஜனின் வெள்ளை வண்டியில் பெட்டியோடு வந்தோம். வண்டிக்கு மேலே சாமான்களைக் கட்டி நீலத் தார்ப்பாய் போட்டிருந்தான். மதுரை தாண்டியதும் ஐஸ் உருகத் தொடங்கிவிட்டது. மலைவளைவுகளில் பெட்டி சாய்ந்து சாய்ந்து, ராஜன், “அண்ணே, வண்டிக்குள்ள கடலையே கொண்டு வந்துட்டியளே” என்றான்.

அந்தச் சாயங்காலம் நடந்தது உனக்குத் தெரியும். பெட்டியை இறக்கும்போது மூலை உடைந்தது. மீன் தண்ணீர் முழுவதும் வாசலில் போட்டிருந்த பூக்கோலத்தின் மேல் ஓடியது. கீர்த்தனாவின் பெரியம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போனார். நீ ஓடி வந்தாய். உன் முகம் சிவந்திருந்தது. “ஏம்ப்பா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இது நம்ம கரை இல்லப்பா. தூக்கிப் போட்டுட்டு வாங்க” என்றாய். “செரி மக்கா, நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். நீ சொன்னதில் தப்பில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கேவலமாகக் கத்தியிருப்பேன். கோலத்தை நீயே குனிந்து வழித்துத் தள்ளியதையும், யாரும் பார்க்காதபோது கையை முகர்ந்து பார்த்ததையும் நான் பார்த்தேன்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. நீ எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொன்னார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல். நான் கரையில் மீனை இறக்கிவிட்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு நேரே வந்தேன். வராந்தாவில் உன் பக்கத்தில் நின்றேன். உன் கூட்டுக்காரன் ஒருவன் மூக்கைப் பிடித்துக் காட்டினான். நீ மெதுவாக இரண்டு அடி தள்ளி நின்றாய். வீட்டுக்குத் திரும்பும்போதும் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாய். பதிமூன்று வயதுப் பையன் வேறென்ன செய்வான்? அன்றைக்கு ராத்திரி உன் அம்மாவிடம், “இவன் இந்த வாசம் இல்லாத இடத்துக்குப் போய்ப் பொழைக்கட்டும்” என்றேன். வாசனை சோப்பு வாங்கித் தந்தேன். அதற்குப் பிறகு குளிக்காமல் உன்னைத் தொட்டதில்லை. நீ என்னிடமிருந்து விலகினாய் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், தள்ளிப் போ என்று கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டதே நான்தான்.

உடைந்த பெட்டியை வண்டியிலேயே வைத்திருந்து, கல்யாணத்தன்று காலை ஐந்து மணிக்கு ராஜனை எழுப்பினேன். மீனைத் தூக்கிப் போட எனக்குக் கை வராது. கடலுக்குப் போகிற எவனுக்கும் வராது. பண்ணைக்குக் கீழே காரட் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள் இருக்கின்றன என்று வரும்போதே பார்த்து வைத்திருந்தேன். அங்கே போய், குழாயடியில் ஒரு பலகையைக் கேட்டு வாங்கி, இரண்டு மீனையும் வெட்டினேன். பெண்கள் சட்டியோடு வந்து சுற்றி நின்றார்கள். “எம்புட்டுண்ணே கிலோ?” என்று ஒரு அம்மாள் கேட்டார். “சும்மாதான். எனக்க மவனுக்கு இன்னைக்குக் கல்யாணம்” என்றேன். “கல்யாண வீட்டு மீனை ஊருக்கு வெட்டிக் குடுத்துட்டு நிக்கீங்க, நீங்க மாப்பிள்ளைக்கு அப்பாவா, இல்ல ஓடி வந்த ஆளா?” என்று அவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். ஒரு துண்டைப் பொரித்து இலையில் வைத்து, நீங்களும் சாப்பிட்டால்தான் நாங்கள் சாப்பிடுவோம் என்றார்கள். சாப்பிட்டேன். அப்படி உன் கல்யாண மீன் ஒழுங்காகத்தான் சாப்பிடப்பட்டது. திரும்பி வரும் வழியில் மூடுபனி இறங்கிவிட்டது. வண்டி நகரவில்லை. அதனால்தான் முகூர்த்தம் தவறிவிட்டது.

ஜெனி பேசுகிறேன், அண்ணா. இந்த இடத்தில் நான் பேனாவை மூடினேன். ஆல்பத்தில் நீ தாலி கட்டுகிற பக்கத்தைத் திறந்து அப்பாவின் முன்னால் வைத்தேன். நீயும் அதை இப்போது எடுத்துப் பார். நீ குனிந்திருக்கிறாய், அண்ணி தலை குனிந்திருக்கிறார், பின்னால் தட்டோடு நான். எனக்குப் பின்னால் வெள்ளை வேலி. வேலி முடிகிற இடத்தில் மரக்கேட். அதன் அருகே விரல்நகம் அளவுக்கு ஒரு வெள்ளை வண்டி. மேலே நீலமாக ஏதோ தெரிகிறது. நேற்றே அதைப் பார்த்துவிட்டேன், ஆனால் சொல்லவில்லை.

“அப்பா, தாலி கெட்டும்போ வண்டி வாசல்லதான் நிக்குது.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “அது வேற வண்டி.”

“மேல நீலத் தார்ப்பாய்.”

“ஏட்டி, நீ படிச்சது போதும். உள்ள போ.”

நான் போகவில்லை. அப்பா எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, வாசலில் நின்று கடல் பக்கமே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முதலில் சொன்னதை அடிக்கச் சொல்லவில்லை. “எழுது” என்று மட்டும் சொன்னார்.

மகனே, மூடுபனி இருந்தது, ஆனால் வண்டி நிற்கிற அளவுக்கு இல்லை. மேளம் உச்சத்துக்குப் போகும் முன்னாலேயே நாங்கள் வாசலுக்கு வந்துவிட்டோம். “எறங்குங்கண்ணே, நேரமாச்சு” என்றான் ராஜன். கேட்டுக்குப் பக்கத்தில் குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி இருந்தது. அதில் சோப்புப் போட்டு மூன்று தடவை கையைக் கழுவினேன். புல்லைப் பிடுங்கித் தேய்த்தேன், மண்ணைப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. புதுச் சட்டையின் கைமடிப்பில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. தாலி கட்டியதும் நீங்கள் இருவரும் என் காலைத் தொடுவீர்கள், நான் இந்தக் கையை அந்தப் பெண்ணின் தலையில் வைக்க வேண்டும். அவளுடைய பெரியம்மா பக்கத்தில் நிற்பார். நீ இரண்டு அடி தள்ளி நிற்பாய் என்று தோன்றிவிட்டது. இப்படி எழுதும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். ராஜன் தலையில் அடித்துக்கொண்டு தூரமாகப் போய் நின்றான்.

அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. நீ முடிச்சுப் போடும்போது உன் முழங்கை அசைந்ததுகூடத் தெரிந்தது. எல்லாரும் அட்சதை போட்டபோது நானும் கையைத் தூக்கினேன். கையில் அரிசி இல்லை. சிலுவை போட்டுக்கொண்டேன். உன் அம்மா கூட இருந்திருந்தால் என்னை முதுகில் தள்ளி இறக்கியிருப்பாள். இந்த நாலு வருஷத்தில் அவள் இல்லாததை அவ்வளவு கனமாக நான் உணர்ந்ததில்லை. கூட்டமெல்லாம் சாப்பிடப் போன பிறகு வந்து, பனியில் மாட்டிக்கொண்டேன் என்றேன். நீ என் முகத்தைப் பார்த்து, “பரவாயில்லப்பா” என்றாய். நீ நம்பவில்லை. நம்பாத பிள்ளையிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கல்யாண நாளில் மறுபடியும் மீன் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் பெரியது. நாங்கள் கிளம்பும்போது கீர்த்தனா வண்டியின் ஜன்னலுக்கு வந்தாள். “மாமா, அந்த முடிச்சு நீங்க சொல்லிக் குடுத்ததுன்னு இவரு சொன்னாருங்க. அன்னிக்கு அது இல்லீன்னா கன்னு செத்திருக்கும்” என்று சொல்லி என் கையைப் பிடித்தாள். நான் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். வண்டியும் கிளம்பிவிட்டது. அந்த முடிச்சை உனக்கு ஏழு வயதில், கரையில் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். உனக்கு வராமல் அழுதாய். இந்த ஆயுசில் என்னிடமிருந்து உனக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்று உண்டென்றால் அதுதான் போலிருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வந்தவளிடமிருந்து கையை இழுத்துக்கொண்டேன். வெறுத்து இழுக்கவில்லை என்று அவளிடம் சொல்லு. மீன் வாசத்துக்குப் பயந்துதான்.

ஜெனி பேசுகிறேன். இதை எழுதிவிட்டு நான் கேட்டேன். “அப்பா, அண்ணி மாட்டுக்குள்ள தோள் வரைக்கும் கைய விடுதவங்க. மீன் வாசம் அவங்கள என்ன செய்யும்?”

அப்பா என்னையே பார்த்தார். “ஏட்டி, இத நீ அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே துவர்த்தால் முகத்தை மூடிக்கொண்டார். அது எவ்வளவு நேரம் சிரிப்பு, எப்போது சிரிப்பு இல்லாமல் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளபடி எழுதுவேன் என்றதால் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

மகனே, நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்லுகிறேன். வேணும். எனக்கு நீங்கள் வரணும். கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த வாரம் வந்தாலும் வாருங்கள். கீர்த்தனா வருகிற நாளில் வீட்டுக்குள் மீன் இருக்காது, ஜெனி பருப்பு வைக்கப் பழகுகிறாள். ஆனால் கரை கரைதான். வெளியே கருவாடு காயும், காற்று அதைக் கொண்டுவரும். அதை என்னால் கழுவ முடியாது. முன்னாலேயே அவளிடம் சொல்லிவிடு, ஒளிக்காதே. ஜெனியும் வருகிற ஜூனில் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவாள். இப்போதே சோற்றுப்பானையில் இரண்டு பேருக்கு அளந்து போடுகிறோம். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று நான் இன்னும் பழகவில்லை. இதை உன்னை வரவழைப்பதற்காகச் சொல்லவில்லை. ஜெனி உள்ளபடி எழுதுகிறாள் என்பதால் வாயில் வந்துவிட்டது.

கல்யாணத்துக்காக வீட்டு முகப்பில் சீரியல் லைட் போட்டிருந்தோமே, அதை நான் இன்னும் கழற்றவில்லை. புதுப்பெண் வாசல் ஏறுகிறவரை எரியட்டும் என்று தினமும் சாயங்காலம் போட்டுக்கொண்டிருக்கிறேன். “என்ன அண்ணே, ஐப்பசியிலேயே கிறிஸ்துமஸ் வந்துட்டா?” என்று கேட்டுக்கொண்டு போகிறார்கள். இன்று அந்தப் படத்தைப் பார்த்த பிறகு யோசித்தேன். அன்றைக்கு வாசல்வரை வந்தும் நான் உள்ளே வரவில்லை. இப்போது என் வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு நீ ஏன் வரவில்லை என்று காத்திருக்கிறேன். இது நியாயமில்லை. கதவின் இடது பக்கத்தில் சுவிட்ச். கீர்த்தனா கைக்கு எட்டும். இனி நான் போடமாட்டேன், அவள் வந்து போடட்டும்.

ஜெனி பேசுகிறேன். கோயிலில் மாலைமணி அடித்து முடிந்தது. நான் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். “செரி” என்றார் அப்பா. இது செரியான செரி என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். சிவப்பும் பச்சையுமாக எரிந்துகொண்டிருந்த விளக்குகளை அணைத்துவிட்டார். கழற்றவில்லை.